வெறும் எண்ணெய்

டிராக்டரின் வயிற்றுக்கு அடியில் நூல்காரர் மல்லாந்து படுத்திருந்தார். ஸ்பானர் பிடித்த கை மரத்துப் போகும்வரை போல்ட் அசையவில்லை. அசைந்ததும் ஒரேயடியாகக் கழன்று, பழைய எண்ணெய் முழங்கை வழியாக இறங்கி அக்குளை நனைத்தது. தகரத் தட்டை இழுத்து ஒழுக்குக்கு நேரே வைத்துவிட்டு, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"என்ன மாப்ள, குளிச்சாச்சா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. அவர் மனைவியின் அண்ணன், டவுனில் ஒரு சந்துக்குள் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர், முக்காலி போட்டு உட்கார்ந்து நான்கு ஸ்பார்க் பிளக்குகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கம்மா தலையோட ஊத்திட்டாங்க மச்சான்."

"எங்கம்மாவுக்கு உன்மேல அப்படி ஒரு பாசம்."

டிராக்டருக்கு மாமியார் என்று பெயர். காலையில் எழுப்பினால் தெருவே கேட்கும்படி திட்டும்; எழுந்துவிட்டால் இருட்டும்வரை உட்காராது. பெயர் வைத்தது நூல்காரர்தான். நிஜ மாமியார் உயிரோடு இருந்தபோது இது காதில் விழுந்து, "போகட்டும், என்னைவிட அது நல்லா இருமுது" என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு மச்சானுக்கு இந்த வேடிக்கை இன்னும் பிடித்துப் போயிற்று. எங்கம்மாவைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று சொல்லி, ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் எண்ணெய் டின்னோடு வந்து நின்றார்.

நூல்காரருக்கும் அது சொந்தப் பெயர் இல்லை. அவர் உழுத சால் நூல் பிடித்தாற்போல் போகும் என்பதால் வந்த பெயர். அவர் அப்பா மூன்றாம் கையாக வாங்கிய வண்டி அது. முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டும்; பெட்ரோலில் எழுந்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். இப்போதைய டிராக்டர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் எலும்பும் தோலுமாகத் தெரியும். அந்த எலும்பும் தோலும்தான் வீட்டுக்குச் சோறு போட்டது. சரிவில் இருந்த பழத்தோட்டத்தில் மர வரிசைகள் அவ்வளவு நெருக்கம். புது வண்டி எதுவும் உள்ளே நுழையாது. மழைக்கு முன்பு தோட்டம் முழுவதையும் உழுது போடுவது வருஷா வருஷம் மாமியாரின் வேலை. மற்ற மாதங்களில் கிடைக்கும் துண்டு துக்காணி வேலை எல்லாம் டீச் செலவுக்குத்தான் ஆகும்.

எண்ணெய் வடிந்து முடிந்தது. நூல்காரர் நகர்ந்து வெளியே வந்து, வடிந்ததைத் தட்டிலேயே விரலால் கலக்கிப் பார்த்தார். பழுப்பாக, தெளிவாக இருந்தது. நல்ல அடையாளம்.

எண்ணெயில் இரண்டு வகை என்பது அந்த இருவருக்கும் பாலபாடம். கடைகளில் பளபளப்பான பாட்டிலில் வருவது கழுவுகிற எண்ணெய். அதில் மருந்து கலந்திருக்கும், இன்ஜின் உள்ளே ஒட்டிய அழுக்கையெல்லாம் கரைத்து எடுக்கும். புது வண்டியில் அதைப் பிடித்து வைக்க பில்டர் உண்டு. மாமியாருக்கு பில்டர் கிடையாது. இத்தனை வருஷத்து அழுக்கும் சேறாகி அடியில் படிந்து, யாருக்கும் தொந்தரவில்லாமல் தூங்குகிறது. வெறும் எண்ணெய் ஊற்றினால் அது பாட்டுக்குத் தூங்கும். கழுவுகிறதை ஊற்றினால் எழுந்து, ஏடு ஏடாகப் பெயர்ந்து போய் எண்ணெய் உறிஞ்சும் சல்லடையில் அப்பிக்கொள்ளும். அப்புறம் மேலே ஒரு சொட்டு ஏறாது. செங்கல் சூளைக்காரர் ஒருவர் தன் பழைய வண்டிக்கு இருப்பதிலேயே விலை கூடின எண்ணெயாக வாங்கி ஊற்றி, ஒரே வாரத்தில் அதை இழந்தார். அந்த வண்டியைத் திறந்தது இந்த இருவரும்தான். மச்சான் சேற்றைக் கரண்டியால் வழித்துப் போட்டுக்கொண்டே, "பாசம் காட்டியே கொன்னுட்டாரு மனுஷன்" என்று சொல்லி அன்றைக்கெல்லாம் சிரித்தார்.

இப்போது மச்சான் பிளக்குகளை வைத்துவிட்டுப் பச்சை டின்னைத் தூக்கினார். வெறும் எண்ணெய் வரும் டின் அது. தன் ஷெட்டில் இருக்கும் பீப்பாயிலிருந்து ஒவ்வொரு தடவையும் அதில்தான் பிடித்துக்கொண்டு வருவார். மூடியைத் திறந்து புனலில் சாய்த்தார்.

ஊற்றும் எண்ணெயைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்து, மோந்து பார்ப்பது நூல்காரரின் வழக்கம். அன்றும் கையை நீட்டினார்.

"என்ன மாப்ள, பொண்ணு பாக்கறியா? எங்க வீட்டுப் பொண்ணைத்தான் கட்டியாச்சே. இன்னுமா சந்தேகம்?"

சமையலறை ஜன்னலில் மனைவி சிரித்தாள். நூல்காரருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. நீட்டின கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "சும்மா பழக்கம் மச்சான்" என்றார். எண்ணெய் முழுவதும் உள்ளே இறங்கியது. டின்னில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை மூடித் தூணோரம் வைத்துவிட்டு மச்சான் கிளம்பினார். டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று தங்கை கூப்பிட்டதற்கு, வேலை இருக்கும்மா என்று சொல்லிவிட்டார். டீயை வேண்டாம் என்று சொன்னதே அவர் வாழ்க்கையில் அது முதல் தடவையாக இருக்கும்.

தோட்டத்தில் இறங்கி மூன்று நான்கு நாள் நன்றாகவே போயிற்று. மேல் வரிசைகளில் மண் பொதபொதவென்று புரண்டது. ஒரு நாள் மதியம் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். கம்பியில் இருந்தது தார் போலக் கறுத்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தார். அதே கறுப்பு. ஒரு சீசன் முழுக்க ஓடினாலும் இப்படிக் கறுத்ததில்லை. அங்கிருந்தே மச்சானுக்கு போன் போட்டார்.

மச்சான் அன்று சாயங்காலமே வந்துவிட்டார். கம்பியைப் பார்த்ததாகப் பேர் பண்ணிவிட்டு, நேரே பிளக்கைக் கழற்றினார். நான்கும் நுனியில் கரி பூசி, ஈரமாக இருந்தன.

"பாத்தியா? இதான் வெவகாரம். பிளக்கு சூடேற மாட்டேங்குது. மண்ணெண்ணெய் சரியா எரியாம, கரியெல்லாம் கீழ இறங்கி எண்ணெயைக் கறுப்பாக்குது. எங்கம்மாவுக்குச் சூட்டுப் பிளக்குதான் வேணும். இது குளிர்ந்த ஜாதி, பெட்ரோல் வண்டிக்குப் போடறது."

"இத்தனை நாள் இதுலதானே மச்சான் ஓடுச்சு?"

"வயசாகுதுல்ல? உனக்கே இப்ப படிக்கட்டுல மூச்சு வாங்குது. அதுக்கு வாங்காதா?"

சொன்னதில் தப்பில்லை. மாமியார் சூட்டுப் பிளக் கேட்கிற வண்டிதான். கரியைத் தானே எரித்துத் தள்ளும் பிளக். ஆனால் அது கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்ததைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எண்ணெயை மாற்றிவிடலாமா என்று நூல்காரர் கேட்டார். "பிளக்கை மாத்தாம எண்ணெயை மாத்தி என்ன புண்ணியம்? முதல்ல பிளக்கைத் தேடு" என்றார் மச்சான். பேசும்போது அவர் பார்வை பிளக்கிலேயே இருந்தது, ஒரு தரம்கூட நிமிரவில்லை. வேலையில் கண்ணாக இருக்கிறார் என்று நூல்காரர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை உழவைத் தள்ளிப் போட்டுவிட்டு, கரி பிடித்த பிளக் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனார். ஏறாத கடை இல்லை. ஒரு கடையில் பிளக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைக் கண்காட்சியில வைக்கலாமே அண்ணே" என்றான் கடைக்காரன். இன்னொருவன் நீளம் கூடின பிளக் ஒன்றைக் காட்டி, இதே மரைதான், போட்டுப் பாருங்கள் என்றான். போட்டிருந்தால் பிஸ்டன் தலையில் இடித்து வண்டி அன்றைக்கே படுத்திருக்கும். கடைசியாகப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பழைய சாமான் கடைக்குப் போனார். கடைக்காரர் பெரியவர்; பிளக்கைக் கையில் வாங்காமலேயே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"இருந்துச்சுப்பா. நாலே நாலு. டப்பா கூடப் பிரிக்காம வெச்சிருந்தேன். போன வாரம்தான் உன் மச்சான் வந்து வாங்கிட்டுப் போனாரு."

"எங்க மச்சானா?"

"வேற யாரு? மாமியாருக்குன்னு சொல்லித்தான் கேட்டாரு. நான் நிஜ மாமியார்னு நினைச்சு ஒரு நிமிஷம் பயந்துட்டேன்."

நூல்காரருக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் நெஞ்சு நெகிழ்ந்தது. ஆக, போன வாரமே வாங்கி வைத்துக்கொண்டுதான் ஊரெல்லாம் அலைய விட்டிருக்கிறார் இந்த மனிதர்! திடீரென்று ஒரு நாள் வந்து டப்பாவை நீட்டி, அலைந்தாயா, கால் வலிக்கிறதா என்று கேட்டுச் சிரிக்கப் போகிறார். அப்படி ஒரு வேடிக்கைக்கு ஆசைப்படுகிற ஆள்தான். மலை ஏறினாலும் மச்சான் தயவு வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள். கண்டுபிடித்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது, அவர் ஆசை கெட்டுவிடும் என்று நினைத்துக்கொண்டு பேருந்து ஏறினார். வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னார். "எங்கண்ணன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். என் ரிப்பனை ஒளிச்சு வெச்சுட்டு என்கூடவே சேர்ந்து தேடுவான்" என்றாள் அவள்.

அன்றும் மறுநாளும் மச்சான் வரவில்லை. போன் செய்தால், "வரேன் மாப்ள, கை வேலையா இருக்கேன்" என்றார். பிளக்கு கிடைத்ததா என்று அவரும் கேட்கவில்லை. வேடிக்கையை நீட்டுகிறார் என்று நூல்காரர் விட்டுவிட்டார்.

வானம் மூடிக்கொண்டு வந்தது. தோட்டத்து மேனேஜர் வரப்பில் வந்து நின்று, கீழ் வரிசைகள் எப்போது முடியும் என்று கேட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்கும் மேலே ஆள் உண்டு. "டவுன்ல டிராக்டர் வித்து, உழவுக்கும் விடறாரே யார்டு முதலாளி, அவர் ஆளுங்க நேத்து டேப் எடுத்துட்டு வந்து வரிசையை அளந்துட்டுப் போனாங்க. ஓரத்துக் கிளையை அறுத்துவிட்டா சின்ன மாடல் ஒண்ணு உள்ள வந்துடுமாம். வருஷக் கான்ட்ராக்டா எழுதிக் குடுத்தா மரம் அறுக்கிற கூலியும் அவரே பாத்துக்கிறாராம்." கொஞ்சம் தயங்கி, "மழைக்குள்ள நீங்க முடிச்சுட்டா நான் எதுக்கு மரத்தை அறுக்கப் போறேன்?" என்றார்.

நூல்காரர் பிளக்குகளை மறுபடியும் தேய்த்துப் போட்டு வண்டியை எடுத்தார். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் கீழே சாய்ந்தே கிடந்தது. அந்த முள் அவர் அப்பா காலத்திலிருந்தே பொய் சொல்கிற முள். கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் எழுந்துகொள்ளும். தட்டினார். எழவில்லை. இன்னொரு வரிசை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று கலப்பையை இறக்கினார்.

வரிசையின் பாதியில் உள்ளே ஏதோ தட்டியது. கதவை முஷ்டியால் தட்டுகிற மாதிரி, முதலில் மெதுவாக. அவர் கை இன்ஜினை அணைக்கும் சுவிட்சுக்குப் போவதற்குள் சத்தம் பெரிதாகி, இரும்பு கிழிகிற ஓசையோடு வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. ஸ்டீயரிங் அவர் மார்பில் இடித்தது. இன்ஜினின் பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியாகப் பிஸ்டன் கம்பியின் உடைந்த முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கறுத்த எண்ணெய் புதிதாகப் புரட்டின மண்ணில் புகையோடு சொட்டியது. நூல்காரர் இறங்கிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். முதல் துளி மழை விழும்வரை அங்கேயே இருந்தார்.

மேனேஜர் குடையோடு வந்து பார்த்தார். "பழைய வண்டிங்க. போற காலம் வந்துச்சு, போயிடுச்சு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஊரில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

வண்டியைக் கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்து வந்த அன்று மச்சானுக்குச் சொல்லி அனுப்பினார். ஆள் வரவில்லை. மறுநாள் தானே இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியைக் கழற்றினார். சல்லடை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு கட்டி இருந்தது. நகத்தால் சுரண்டினார். சேறு ஏடு ஏடாக வந்தது. செங்கல் சூளைக்காரர் வண்டியில் பார்த்த அதே ஏடு.

கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். அப்புறம் தூணோரம் இருந்த பச்சை டின்னை எடுத்து, மிச்ச எண்ணெயில் விரலை விட்டுத் தேய்த்தார். மோந்து பார்த்தார். லேசாக மருந்து வாடை. அன்றைக்குத் தேய்க்காமல் விட்ட விரல்கள் அவை. மனசு அப்போதும் ஒப்பவில்லை. மச்சான் அவசரத்தில் பீப்பாய் மாறிப் பிடித்திருக்கலாம், என் மூக்கே பொய் சொல்லலாம் என்றெல்லாம் ஓடியது. உள்ளே போய் இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்து வந்தார். ஒன்றில் டின்னின் எண்ணெய். இன்னொன்றில், கதவுக் கீலுக்குப் போடவென்று போன சீசனில் குப்பியில் எடுத்து வைத்திருந்த வெறும் எண்ணெய். இரண்டிலும் சேற்றுக் கட்டி ஒவ்வொன்று போட்டு, சமையலறை அலமாரியில் வைத்தார்.

"என்னங்க இது?" என்றாள் மனைவி.

"காலைல சொல்றேன்."

காலையில் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு டம்ளரில் கட்டி போட்டபடியே அடியில் உட்கார்ந்திருந்தது. மேலே எண்ணெய் தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. இன்னொன்று முழுக்கக் கறுப்பு. அவளுக்கு இன்ஜினைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் பதினெட்டு வருஷமாக இந்த இரண்டு ஆண்களும் எண்ணெயைப் பற்றிப் பேசிப் பேசிக் காது புளித்தவள்.

"எது எங்கண்ணன் ஊத்துனது?" என்று கேட்டாள். அவர் கறுத்த டம்ளரைக் காட்டினார். "மாறிப் போயிருக்கும். எங்கண்ணன் தெரிஞ்சு செய்வானா?"

"எண்ணெய் மாறலாம். கறுத்துப் போச்சுன்னு கூப்பிட்டுக் காட்டினேனே, அப்ப பிளக்குன்னு சொன்னாரே, அதுவும் மாறிப் போச்சா?"

அவள் டம்ளரை எடுத்துப் போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கறுப்பு போகவில்லை. மறுபடியும் தேய்த்தாள். பிறகு அதைக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு வந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மச்சானின் ஷெட் பூட்டியிருந்தது. பெயர்ப் பலகையைக் கூடக் கழற்றியாகிவிட்டது. பக்கத்து டீக்கடையில் கேட்டதற்கு, "தெரியாதா உங்களுக்கு? யார்டுல ஹெட் மெக்கானிக் ஆயிட்டாரே" என்றார்கள். நூல்காரர் நடந்தே போனார். யார்டு வாசலில் புது டிராக்டர்கள் வரிசையாக நின்றன. உள்ளே நீலச் சட்டை போட்ட ஒரு ஆள் முதுகு காட்டி நின்றிருந்தார். பையில் யார்டின் பெயர் தைத்த சட்டை. திரும்பியபோதுதான் மச்சான் என்று தெரிந்தது.

"பச்சை டின்ல என்ன மச்சான் இருந்துச்சு?"

மச்சான் கைகளைத் துணியில் துடைத்தார். சுத்தமாக இருந்த கைகளை ரொம்ப நேரம் துடைத்தார். "எண்ணெய்தான்."

"ரெண்டு டம்ளர்ல போட்டுப் பாத்துட்டேன். உங்க தங்கச்சியும் பாத்தா."

தங்கச்சி என்றதும் அவர் தலை குனிந்தது. பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினார். "மூச்சு முட்டி நிக்கும்னுதான் நினைச்சேன் மாப்ள. இந்த ஒரு சீசன் மட்டும். அப்புறம் சேத்தை வழிச்சுட்டு நானே சரி பண்ணிக் குடுத்துடலாம்னு இருந்தேன். பிஸ்டன் கம்பி ஒடிஞ்சு வெளிய வரும்னு சத்தியமா நினைக்கல."

"செய்யச் சொன்னது யாரு? முதலாளியா?"

"யாரும் எதுவும் சொல்லல. தோட்டம் கைக்கு வந்தா ஹெட் மெக்கானிக் ஒருத்தர் வேணும்னு மட்டும் சொன்னாரு. அந்தக் கிழட்டு வண்டி ஓடற வரைக்கும் தோட்டம் எப்படிய்யா கைக்கு வரும்னு சிரிச்சாரு. அவ்வளவுதான்." குரல் கொஞ்சம் உயர்ந்தது. "என் ஷெட்டுக்கு உன் வண்டியை விட்டா வேற எது வருது சொல்லு? வர்றவன் எல்லாம் பஞ்சர் ஒட்டுவியான்னு கேக்கறான். நான் எத்தனை நாள் எங்கம்மா எங்கம்மான்னு சிரிச்சுக்கிட்டே இருக்கிறது?"

"பிளக்கு? அதையும் வாங்கி ஒளிச்சு வெச்சீங்களே?"

"அது உனக்குத்தான் வாங்கினேன்." மச்சான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "எண்ணெயை ஊத்திட்டுப் போனதுலேர்ந்து தூக்கமே இல்ல. பிளக்கையாவது குடுப்போம், அப்படியே எண்ணெயையும் மாத்திடுவோம்னுதான் வாங்கினேன். கொண்டு வந்து குடுக்கக் கால் வரல."

நூல்காரர் வழியெல்லாம் வசவுகளைக் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார். கூடவே இருந்து குழி பறித்தவனை என்ன சொல்லித் திட்டினாலும் அது பாதி தன்மேலேயே விழும்போல் இருந்தது. அந்த டப்பாவை நினைத்து இவர் பேருந்தில் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறார். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்த சீசனை நானே விட்டுக் குடுத்திருப்பேன் மச்சான்" என்றார். விட்டுக் கொடுத்திருப்பாரா என்பது அவருக்கே தெரியாது. ஆனால் சொன்ன அந்த நேரத்தில் அது உண்மையாகத்தான் இருந்தது.

மழை முடிவதற்குள் தோட்டத்தில் ஓரத்துக் கிளைகளை அறுத்துவிட்டார்கள். நூல்காரர் வேலை கேட்டு அலைந்தார். டிராக்டர் ஓட்டத் தெரிந்தவனுக்கு டிராக்டர் வைத்திருப்பவர்தானே வேலை தர வேண்டும். சுற்றுவட்டாரத்தில் டிராக்டர் என்றால் யார்டுதான். ஒரு நாள் மனைவி யாரிடமும் சொல்லாமல் தன் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"நல்லா நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டுத்தான் வந்தேன். குனிஞ்ச தலை நிமிரல." முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். "டிரைவர் வேலைக்கு உங்களைச் சேத்துக்கச் சொல்லி முதலாளிகிட்டப் பேசி வெச்சிருக்கானாம். தோட்டத்துலதான் ஓட்டணுமாம். அந்த வரிசையெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்னு அவரும் சரின்னுட்டாராம்."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்ன சொல்றது?" என்றாள். அடுப்பங்கரைப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். "நீங்க போக வேணாம்னா வேணாம். நான் கட்டாயப்படுத்தல." அப்படிச் சொன்னவள் உள்ளே போகாமல் நின்றுகொண்டே இருந்தாள்.

அந்த வாரம் யார்டிலிருந்து லாரி வந்தது. இரும்புக் கடைக்குப் போவதை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். இரும்பு விலைதான். லாரியில் சங்கிலி மாட்டி மாமியாரை ஏற்றும்போது நூல்காரர் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டார். தார்ப்பாய்க் கூரையின் கீழே எண்ணெய்க் கறை படிந்த தரை மட்டும் மிஞ்சியது.

வேலைக்குப் போன முதல் நாள் காலையில் யார்டு வாசலில் கூட்டமாக இருந்தது. புதிதாகக் கட்டிய சிமென்ட் மேடையில் மாமியார் நின்றது. ரத்தச் சிவப்பில் பெயிண்ட், சக்கரங்களுக்கு மஞ்சள், டயருக்குக் கறுப்புப் பாலிஷ். பக்கவாட்டு ஓட்டை தெரியாதபடி யார்டின் பெயர் எழுதிய தகடு ஒன்றை அடித்திருந்தார்கள். இரண்டு பேர் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். "பாருங்க, பழசை மதிக்கிறவங்கதான் புதுசைக் குடுக்க முடியும்" என்று முதலாளி அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மச்சான் மேடையில் மண்டியிட்டிருந்தார். பக்கத்தில் நான்கு சிறிய அட்டை டப்பாக்கள், பழுப்பேறிப் போனவை. ஒவ்வொன்றாகப் பிரித்து, வெள்ளைப் பீங்கான் மின்னும் பிளக்கை எடுத்து, நுனி இடைவெளியைத் தகடு விட்டு அளந்து, லேசாகத் தட்டிச் சரி செய்து, கையாலேயே மரையில் ஏற்றி, கடைசியில் மட்டும் ஸ்பானர் போட்டுக் கால்வாசித் திருப்பு இறுக்கினார். இனி ஒருபோதும் ஓடாத இன்ஜினில் நான்கையும் அப்படியே பதமாகப் போட்டு முடித்தார். நூல்காரர் நிற்பதைப் பார்த்தும் பார்க்காதவர்போல் டப்பாக்களை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

முதலாளி நூல்காரரைப் பார்த்துவிட்டார். "வாங்க வாங்க. உங்க வண்டி எப்படி ஜொலிக்குது பாத்தீங்களா? வண்டியைத் தோட்டத்துக்கு எடுக்கறதுக்கு முன்னால, தினம் இதை ஒரு தரம் துடைச்சு விட்டுடுங்க. பெயிண்ட் இல்லாத இடமெல்லாம் துருப் பிடிச்சிடும்." ஒரு துணியையும், பழகிய பச்சை டின் ஒன்றையும் அவர் கையில் கொடுத்தார். "உங்க மச்சான் சொன்னாரு, இதுக்கு இந்த எண்ணெய்தான் ஒத்துக்குமாம்."

நூல்காரர் மூடியைத் திறந்தார். இரண்டு சொட்டு விரலில் விட்டு, பெருவிரலால் தேய்த்தார். மோந்து பார்த்தார். இந்தத் தடவை யாரும் கேலி செய்யவில்லை. தேன் நிறம், மருந்து வாடை துளியும் இல்லை. வெறும் எண்ணெய்தான். அவர் அதைத் துணியில் ஊற்றிக்கொண்டு, மண்டியிட்டு, முன் அச்சிலிருந்து துடைக்கத் தொடங்கினார்.